சான் கிளமெந்தேயின் அடியில்

ரோமில் கொலோசியத்திலிருந்து பொடிநடையாகப் போனால் சான் கிளமெந்தே தேவாலயம். மேலே இருப்பது 12ஆம் நூற்றாண்டுக் கோயில். அதன் அடியில் 4ஆம் நூற்றாண்டுக் கோயில். 1857இல் முல்லூலி என்ற அயர்லாந்துத் துறவி கண்டுபிடித்தது. சரி, இவ்வளவுதான் என்று நினைத்தால் இன்னும் படி இறங்குகிறது.

கீழே இரண்டு பழைய ரோமானியக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு குறுகிய சந்து. அதைத் தாண்டினால், பழைய ரோமில் வணங்கப்பட்ட மித்ரா என்ற தெய்வத்தின் கோயில். தாழ்வான வளைவுக் கூரை, பக்தர்கள் சாய்ந்தபடி விருந்துண்ண இருபுறமும் கல் திண்ணை, நடுவே காளையைக் குத்தும் மித்ரா செதுக்கிய பலிபீடம். எங்கோ சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம்.

ஆதிக் கிறிஸ்தவர்களும் இப்படித்தான் வீடுகளில் கூடி அப்பம் பிட்டார்கள். பெரிய அரங்குகளைவிட இந்த ஈரச் சந்தில்தான் எனக்கு ரோம் நெருக்கமாக இருந்தது. மேலே ஏறிவர மனமே வரவில்லை.