15 நிமிடத்துக்கு ஒரு டிக்

மனநல வார்டில் இரவுப் பணிக்குச் சேர்ந்த அன்று என்னிடம் மூன்று பொருட்களைக் கொடுத்தார்கள். ஒரு சாவிக்கொத்து, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அபாய மணி, அட்டையில் கிளிப் போட்டு வைத்த ஒரு தாள். சாவி தொலைந்தால் என்னென்ன ஆகும் என்று அரைமணி நேரம் விளக்கினார்கள். அபாய மணியை அழுத்திக் காட்டினார்கள். தாளைப் பற்றி மட்டும், "பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை எல்லாரையும் பார்த்து டிக் போடணும், அவ்ளோதான்" என்று முடித்துக்கொண்டார்கள்.

அவ்வளவுதானா என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆனது. 24 படுக்கை. மணிக்கு 4 சுற்று. 8 மணி நேர ஷிஃப்ட். ஆக, ஓர் இரவுக்கு 768 டிக். 15 நிமிடத்தில் ஒரு சுற்று முடிய வேண்டுமென்றால் ஒருவருக்கு 37 விநாடி கிடைக்கும். அதற்குள் கதவைத் திறக்க வேண்டும், இருட்டுக்குக் கண் பழக வேண்டும், போர்வைக்குள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும், அடுத்த அறைக்கு நடக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு வந்து சேர்ந்தவர்கள் இருக்கிற வார்டு அது. 'தூங்குகிறார்' என்று எழுதும் முன் மூச்சு விடுகிறாரா என்று பார்த்தாக வேண்டும். அந்தத் தாள் இருப்பதே அதற்காகத்தான். ஒரே சீரான இடைவெளியில் போகக் கூடாது என்பதும் விதி. சீராகப் போனால் அடுத்த ஆள் வர எத்தனை நிமிடம் இருக்கிறது என்று உள்ளே படுத்திருப்பவர் கணக்குப் பண்ணிவிடுவார்.

இரவில் வார்டுக்கு இரண்டு பேர். யாராவது ஒரு நோயாளியை விட்டு நகரக் கூடாது என்று மருத்துவர் எழுதிவிட்டால், எங்களில் ஒருவர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். மீதி 23 பேரும் இன்னொருவர் பொறுப்பு. நடுவில் தொலைபேசி அடிக்கும், புது அட்மிஷன் வரும், யாராவது சத்தம் போடுவார்கள். "இன்னும் ஒரு ஆள் கேட்கலாமே சிஸ்டர்" என்று சேர்ந்த புதிதில் கூட இருந்த மூத்த செவிலியரிடம் சொன்னேன். "கேட்டாச்சும்மா. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஒரு புது ஃபாரம் வரும். ஆள் வராது" என்றார். அவர் அங்கே 11 வருடமாக இருந்தவர்.

அந்த இரவைச் சொல்லிவிடுகிறேன். (ஆட்களின் அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) மணி மூன்று இருக்கும். வந்து 9 நாளாக யாரிடமும் வாய் திறக்காத ஒருவர், வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். டிக் போட்டுவிட்டுத் தாண்டிப் போனேன். முதுகுக்குப் பின்னால், "கொஞ்சம் இருக்கிறீங்களா?" என்றார். தரையில் உட்கார்ந்தேன். 40 நிமிடம் பேசினார். சிஸ்டர் வேறொருவர் பக்கத்தில் நகர முடியாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு சுற்று தவறிப்போனது.

அவர் எழுந்து படுக்கப் போன பிறகு அறை அறையாக ஓடினேன். எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மேசைக்கு வந்து, விட்டுப்போன 46 கட்டங்களிலும் டிக் போட்டேன். என் கையெழுத்துதான், என் பேனாதான். காலையில் பொறுப்பாளர் தாளைப் புரட்டிப் பார்த்து, "உன் ஷீட் எப்பவும் சுத்தமா இருக்கும்மா" என்றார். அந்த மனிதர் 9 நாள் கழித்து என்ன பேசினார் என்று யாரும் கேட்கவில்லை. அதை எழுத அந்தத் தாளில் இடமும் இல்லை.

பொய்க் கையெழுத்துப் போட்டது தவறு. அன்று ஒன்றும் ஆகவில்லை என்பதால் அது சரியாகிவிடாது. ஆனால் அந்த இரவில் எனக்கு இருந்த வழிகள் இரண்டுதான்: அவரை எழுந்து போகச் சொல்வது, அல்லது தாளில் பொய் சொல்வது. தூக்கம் வராமல் பேச வருகிற நோயாளிக்காகத்தான் நாங்கள் அங்கே இருக்கிறோம். அவரையே வேலைக்கு இடைஞ்சலாக்கி வைத்திருந்தது அங்கிருந்த ஏற்பாடு. வெளியே இருப்பவர்கள், "அந்த மாதிரி ஆட்களோட இருந்தா கஷ்டம்தானே" என்பார்கள். நோயாளிகளால் நான் களைத்துப்போனது குறைவு. அவர்களுக்கும் எனக்கும் நடுவில் நின்றவற்றால் களைத்துப்போனதே அதிகம்.

ஒரு வருடத்தில் படிப்பு முடிந்து, அதே நிறுவனத்தின் வெளிநோயாளர் பிரிவில் ஆலோசகரானேன். மனநலமும் போதை மீட்பும் சேர்ந்த பிரிவு. இரவு வேலை போயிற்று. தாள் மட்டும் கணினிக்குள் இடம் மாறிக்கொண்டது.

நாளுக்கு 7 அமர்வு, ஒவ்வொன்றும் 50 நிமிடம். மிச்சமிருக்கும் 10 நிமிடத்தில் குறிப்பு எழுதி, தண்ணீர் குடித்து, முந்தினவர் சொன்னதை மனதிலிருந்து இறக்கிவைத்து, அடுத்தவரை முகம் மலர அழைக்க வேண்டும். சின்ன வயதில் நேர்ந்த கொடுமையை ஒருவர் முதன்முதலாகச் சொல்லி முடித்த பின் அந்த 10 நிமிடம் எதற்குப் போதும்? குறிப்புகளை இரவில் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். அதை யாரும் வேலை நேரமாகக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் 'எழுதாதது நடக்காதது' என்பதை மட்டும் அடிக்கடி நினைவூட்டினார்கள்.

எங்கள் வேலையை ஒரு சதவீதமாக அளந்தார்கள். வேலை நேரத்தில் முக்கால் பங்கு நோயாளியோடு நேருக்கு நேர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர் வராவிட்டால் அந்த மணி நேரம் என் கணக்கில் ஓட்டை. படுக்கையை விட்டு எழ முடியாத சோர்வுக்குத்தான் அவருக்குச் சிகிச்சை. அந்தச் சோர்வினால்தான் அன்று அவர் வரவில்லை. அது என் செயல்திறன் குறைபாடாகப் பதிவாகும். அவருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்து 20 நிமிடம் தொலைபேசியில் தேடினால் அது 'பில் போட முடியாத நேரம்'. இந்தச் சொல் என் வாயிலும் சரளமாக வர ஆரம்பித்த நாளில் நான் கொஞ்சம் சுதாரித்திருக்க வேண்டும்.

எங்கள் துறையில் மேற்பார்வை என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று எல்லா அலுவலகத்திலும் உள்ளது. இன்னொன்று, அனுபவம் உள்ள ஒருவர் எதிரே உட்கார்ந்து, "இந்த ஆளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது", "இவர் பேசும்போது எனக்குக் கொட்டாவி வருகிறது, ஏன் என்று தெரியவில்லை" என்பதையெல்லாம் வெட்கமில்லாமல் சொல்லக் கிடைக்கும் நேரம். இது சலுகை இல்லை, கருவியைத் தீட்டிக்கொள்வது மாதிரி. எங்களுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் இதன் பெயரில் ஒதுக்கியிருந்தார்கள். 45 நிமிடம் சதவீதமும் முடிக்காத குறிப்புகளும். கடைசியில் லேப்டாப்பை மூடிக்கொண்டே, "அப்புறம், கேஸ் எதுவும் பேசணுமா?" என்பார் மேற்பார்வையாளர். "இல்ல மேடம்" என்று எழுந்துவிடுவோம். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் ஏழு பேருடைய சதவீதத்தையும் கூட்டி அவரை அளக்க, அவருக்கு மேலே ஒருவர் இருந்தார்.

வார்டில் ஒரு தோழியை நோயாளி ஒருவர் முகத்தில் குத்திவிட்டார். கன்னம் வீங்கியபடியே அவள் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அதில் ஒரு கேள்வி: 'இதைத் தவிர்க்க நீங்கள் வேறு என்ன செய்திருக்கலாம்?' அந்த நேரத்தில் எத்தனை பேர் பணியில் இருந்தார்கள் என்ற கேள்வி எங்கும் இல்லை. 'அன்று லீவு போட்டிருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அதற்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டு வந்தது.

ஒரே மாதத்தில் நான்கு பேர் வேலையை விட்ட பிறகு, எங்களுக்கு மனஉறுதிப் பயிற்சி ஏற்பாடு செய்தார்கள். மதிய இடைவேளையில். வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர், நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, நிறுத்தி, மெல்ல விடச் சொன்னார். அன்று காலையில்தான் இரண்டு நோயாளிகளுக்கு அதையே சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருந்தேன். கொல்லன் தெருவில் ஊசி விற்றது போல இருந்தது. மூச்சுப் பயிற்சி நல்லதுதான். அதைக் கொடுத்த இடமும் நேரமும்தான் வலித்தது. கோளாறு உங்கள் நுரையீரலில் இருக்கிறது, பணிப் பட்டியலில் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பயிற்சியில் 'பர்ன்அவுட்', அதாவது வேலையில் எரிந்து தீர்ந்துபோவது, என்ற சொல் பலமுறை வந்தது. அந்தச் சொல் ஆய்வுலகுக்குப் போனதே எங்கள் மாதிரி இடத்திலிருந்துதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பகலெல்லாம் தன் நோயாளிகளைப் பார்த்துவிட்டு இரவில் நியூயார்க்கின் இலவச மருத்துவ மையம் ஒன்றில் வேலை பார்த்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், தன்னோடு அங்கே உழைத்தவர்கள் எரிந்து தீர்வதைக் கண்டு 1974-இல் அதைப் பற்றி எழுதினார். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் அதை அளக்க ஒரு கேள்வித்தாள் வகுத்தார்கள். மூன்று விஷயங்களை அது பார்க்கும்: உணர்ச்சி வற்றிப்போவது, எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்காமல் போவது, நான் செய்வதால் எதுவும் நடக்கவில்லை என்று தோன்றுவது. முதலாவது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. வார்டு நாட்களின் கடைசியில் நான் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. "12-ஆம் பெட் சாப்பிடல", "7-ஆம் பெட் கத்துது". 'கத்துகிறார்' கூட இல்லை.

இதையும் முன்பே ஒருவர் பார்த்திருக்கிறார். இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியர்களைக் கவனித்து 1960-இல் எழுதிய கட்டுரையில், நோயாளியைப் படுக்கை எண்ணாலும் கெட்டுப்போன உறுப்பாலும் அழைக்கும் பழக்கம் வருகிறது. யாரும் ஒரு நோயாளியோடு நெடுநேரம் ஒட்டாதபடி வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பது, சரிபார்ப்புக்கு மேல் சரிபார்ப்பு வைப்பது எல்லாமே, துன்பத்தின் அருகில் இருப்பதால் வரும் பதற்றத்திலிருந்து தப்பிக்க அமைப்பு கட்டிக்கொண்ட அரண்கள் என்பது அவருடைய வாதம். அந்த அரண்களே புதுப் பதற்றத்தை உண்டாக்குகின்றன என்றும் சொன்னார். எனக்கு அதில் முக்கால்வாசி சம்மதம். மீதிக் கால்வாசியில், எங்கள் டிக் தாள் காப்பாற்றியது எங்கள் மனதையல்ல, நாளை ஏதாவது வழக்கு வந்தால் நிறுவனத்தை என்று நினைக்கிறேன்.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டை ஒரு நோயாகக் கருதாமல், வேலையோடு தொடர்புள்ள நிலை என்று வரையறுத்தது. பணியிடத்தின் நாள்பட்ட, சரியாகக் கையாளப்படாத மன அழுத்தத்தால் வருவது என்கிறது அந்த வரையறை. 'கையாளப்படாத'. யாரால் என்று இல்லை. எங்கள் நிறுவனம் அந்த வெற்றிடத்தில் எங்கள் பெயரை எழுதிக்கொண்டது.

குறை சொல்வதில் எங்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சம்பளம், ஓய்வு, ஆள் பற்றாக்குறை என்று எதைப் பேசினாலும், "நோயாளிகளை நினைச்சுப் பாருங்க" என்று பதில் வரும். நினைத்துப் பார்ப்பதால்தான் பேசுகிறோம் என்று சொல்லத் தெரியாமல் பலர் வாயை மூடிக்கொள்வார்கள். அப்புறம் ஒருநாள் சத்தமில்லாமல் வேலையை விட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் விட்டேன்.

விடைபெறும் வாரத்தில் என்னிடம் வந்துகொண்டிருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொன்னேன். குடியை விட்டு ஐந்தாவது மாதத்தில் இருந்த ஒருவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விரல் விட்டு எண்ணினார். "நீங்க எனக்கு நாலாவது ஆள் மேடம்" என்றார். கோபமே இல்லாத குரல். "அடுத்தவங்ககிட்டயும் எங்க அப்பாவிலிருந்து ஆரம்பிச்சு சொல்லணுமா?"

வேண்டாம், எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன் என்றேன். அன்று இரவு அவர் அப்பாவைப் பற்றியும், எதைச் சொன்னால் பேச்சை நிறுத்திக்கொள்வார், எதற்குச் சிரிப்பார் என்பது வரைக்கும் எழுதினேன். மறுநாள் காலை கணினியில் 'ஒப்படைப்புக் குறிப்பு' என்ற கட்டத்தில் அதை ஒட்டினேன். பாதியோடு நின்றுவிட்டது. அந்தக் கட்டத்தின் கொள்ளளவு அவ்வளவுதான். மீதியை அச்செடுத்து, மேலே அவர் பெயரைப் பெரிதாக எழுதி, எனக்குப் பதிலாக இன்னும் ஆள் போடாத அந்த மேசையின் இழுப்பறையில் வைத்துவிட்டு வந்தேன்.