மச்சாள் வீட்டில் ஒரு கபைல் குழந்தைப் பராமரிப்பகம்

என் கணவர் கபைல் இனத்தவர். வட அல்ஜீரியாவில், ஜுர்ஜுரா மலைப்பக்கம், தீஸி ஊஸூ மாவட்டத்துக்காரர். நாங்கள் இருக்கும் மொன்றியலில் கபைல் குடும்பங்கள் நிறைய. பெரியவர்கள் கூடினால் கபைல் பேச்சுத்தான். ஆனால் பிள்ளையின் பக்கம் திரும்பியதும் வாயில் பிரெஞ்சு வந்துவிடும். எங்கள் மகள் பிறந்தபோது இதை மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தோம். அப்படித்தான் என் மச்சாளின் வீட்டில் ஒரு பராமரிப்பகம் உருவானது. அதே எண்ணம் உள்ளவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை மொழி வகுப்புகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஏழு வயதில் போய் எண்களும் நிறங்களும் படிக்கும் பிள்ளைக்கு அந்த மொழியில் அடம்பிடிக்கத் தெரியாது. சப்பாத்துப் போடும்போது, கை கழுவும்போது, விழுந்து அழும்போது காதில் விழுகிற மொழிதான் நிற்கும். அல்ஜீரியாவில், கபைலும் சேர்ந்த பெர்பர் மொழியான தமாசிக்ட் 2002இல் தேசிய மொழியானது, 2016இல் அரசமைப்பில் ஆட்சிமொழியானது. அப்படியிருந்தும் அங்கே பள்ளிகளில் பெரும்பாலும் நான்காம் வகுப்பில்தான் அதைத் தொடங்குகிறார்கள். தங்கள் மொழி பள்ளிக்குள் வரவேண்டும் என்று 1994–95இல் கபைல் பகுதிப் பிள்ளைகள் கிட்டத்தட்ட ஒரு கல்வியாண்டு முழுக்கப் பள்ளியைப் புறக்கணித்தார்கள். அன்று வீட்டிலிருந்த பிள்ளைகளில் என் கணவரும் ஒருவர். அந்த ஆண்டை இழந்த மனிதர் தன் மகளோடு பிரெஞ்சில் பேசுவதை என்னால் ஏற்கமுடியவில்லை.

எங்களைப் போன்ற சில பெற்றோர் ஒரு வீட்டில் கூடிப் பேசினோம். மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் 1997இல் நாளுக்கு 5 டொலர் என்று தொடங்கிய அரசு உதவிப் பராமரிப்புத் திட்டம் இன்னும் இருக்கிறது. 2025இல் பெற்றோர் கட்டியது நாளுக்கு 9.35 டொலர். இதற்குள் வர எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இங்கே சே.பே.ஊ என்று சொல்லும் லாப நோக்கற்ற சிறுவர் நிலையம். அதன் நிர்வாகக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு பெற்றோரே இருக்கவேண்டும். கேட்க ஆசையாக இருந்தது, ஆனால் கட்டடமும் பணமும் அனுமதியும் சேர்வதற்குள் எங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். மற்றது, அங்கீகாரம் பெற்ற வீட்டுப் பராமரிப்பு. ஒருவர் தனியாக ஆறு பிள்ளைகள் வரை பார்க்கலாம். அவர்களில் பதினெட்டு மாதத்துக்கு உட்பட்டவர்கள் இருவருக்கு மேல் இருக்கக்கூடாது. உதவிக்கு இன்னொருவர் இருந்தால் ஒன்பது பிள்ளைகள். மச்சாள் "நான் பார்க்கிறேன்" என்றா. நான் உதவியாளரானேன்.

விண்ணப்பம் போவது உங்கள் பகுதியின் வீட்டுப் பராமரிப்பு ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்கு. முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய இடங்களில் மிச்சம் இருக்கிறதா என்பது. இடம் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கோப்பும் காத்துத்தான் கிடக்கும். பிறகு 45 மணி நேரப் பயிற்சி, சிறுவருக்கான முதலுதவிச் சான்றிதழ், வைத்தியர் கடிதம், பத்து இலட்சம் டொலர் பொறுப்புக் காப்புறுதி, பொலிஸ் சரிபார்ப்பு. பொலிஸ் சரிபார்ப்பை முதல் நாளே தொடங்குங்கள். எங்களை அதிகம் காக்கவைத்தது அதுதான். வீட்டில் வாழும் பெரியவர்கள் எல்லோருக்கும் அது தேவை. மச்சாளோடு இருக்கும் மாமிக்கும் எடுத்தோம்.

வீட்டைப் பார்க்க வந்த அலுவலர் சமையலறை அலுமாரிகள் தொடங்கிக் குளியலறை வரை எல்லாவற்றையும் திறந்து பார்த்தார். மருந்துகளும் துப்புரவுப் பொருட்களும் பூட்டில் இருக்கவேண்டும். புகை எச்சரிக்கைக் கருவி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். வீட்டாரையும் தனித்தனியே விசாரித்தார். மாமிக்குக் கபைல் மட்டும்தான் தெரியும், என் கணவர் மொழிபெயர்த்தார். "பிள்ளைகளோடு நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு, "கதை சொல்வேன், ஆனால் பகலில் இல்லை" என்றா மாமி.

அலுவலர் குழம்பிப்போனார். நாங்கள் விளக்கினோம். கபைல் மக்களிடம் கதை இரவுக்கு உரியது, அதுவும் குளிர்கால இரவுக்கு. பகலில் சொன்னால் தீங்கு வரும் என்று முதியவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். பராமரிப்பகம் நடப்பதோ பகலில். மாமியை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. வழியை மொன்றியலின் குளிர்காலமே காட்டியது. டிசம்பரில் நாலேகால் மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, பெற்றோர் வந்து கூட்டிப்போக ஐந்து மணிக்கு மேலாகும். அந்த இடைவெளிதான் இப்போது கதை நேரம். மாமி "மஷாஹு!" என்று தொடங்க, பிள்ளைகள் "தெல்லெம் ஷாஹு!" என்று ஒரே குரலில் கத்துவார்கள். தெர்யெல் என்ற பூதக்கிழவியும் அவளை ஏமாற்றும் மெக்கிதெஷ் என்ற சின்னப் பையனும் வருவார்கள். எங்கள் நாளிலேயே மொழி அதிகம் பாயும் நேரம் அதுதான் என்பேன். கோடையில் கதை கிடையாது, பாட்டு மட்டும். மாமியின் விதியை நாங்கள் மாற்றவில்லை.

கல்வித் திட்டத்தை எழுதிக் கொடுத்தபோது, பிரெஞ்சு எப்படி வரும் என்று அலுவலகம் கேட்டது. நியாயமான கேள்வி, இந்தப் பிள்ளைகள் போவது பிரெஞ்சுப் பள்ளிக்கு. காலை விளையாட்டும் புத்தகமும் பிரெஞ்சில், சாப்பாடும் உடுப்பும் வெளியே போவதும் கபைலில் என்று பிரித்து எழுதிக் கொடுத்தோம். அது ஏற்கப்பட்டது.

பெற்றோருக்குள் சண்டை வராமல் இல்லை. சுவரில் லத்தீன் எழுத்தா, பெர்பர்களின் பழைய எழுத்தான திஃபினாக்கா என்று ஒரு மாலை முழுக்கப் போனது. ஐந்து வயதுக்குள் எழுத்தே வேண்டாம், படமும் குரலும் போதும் என்றா மச்சாள். அதோடு முடிந்தது. கபைல் பகுதியின் இன்னொரு ஊரான பெஜாயா பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களின் பேச்சு தீஸி ஊஸூ பேச்சிலிருந்து கொஞ்சம் வேறு. பிள்ளைகள் இரண்டையும் கேட்கட்டும் என்று விட்டுவிட்டோம், யாருக்கும் குழப்பம் வரவில்லை.

கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது. அயலில் உள்ள ஹெயிட்டி குடும்பத்துப் பையன் ஒருவனும் வருகிறான். தண்ணீர் வேண்டுமென்றால் "அமான்" என்று கையை நீட்டுகிறான். ஜனவரி 12, யென்னாயர், கபைல் புத்தாண்டு. அன்று பெற்றோர் எல்லோரும் காய்கறியும் கோழியும் போட்ட கூஸ்கூஸ் கொண்டுவருவார்கள், அவனுடைய தாய் உட்பட.

மகள் வரும் செப்டம்பரில் பள்ளிக்குப் போகிறாள். அவளுடைய இடத்துக்கு இப்போதே குடும்பங்கள் காத்திருக்கின்றன. அதில் ஒரு தாய் தன் வீட்டிலேயே இன்னொன்றைத் தொடங்க விண்ணப்பிக்கிறா. எங்கள் கோப்பின் பிரதியை அவவுக்குக் கொடுத்திருக்கிறோம்.