தசமிக்கு ஏழரை மணி

மும்பையில் கடலுக்குப் போவதென்றால் முதலில் திதியைப் பார்க்க வேண்டும். காற்றெல்லாம் அப்புறம்தான். இங்கே கோளி மீனவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. வளர்பிறையோ தேய்பிறையோ, திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் கடல் முழுதாக ஏறி நிற்கும் நேரம் கிடைத்துவிடும். அஷ்டமிக்கு ஆறு மணி, தசமிக்கு ஏழரை. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் படகெடுக்க இது போதும். அண்ணாச்சி மொபைலில் ஒன்றுக்கு இரண்டாக அட்டவணை வைத்திருக்கிறார். இருந்தாலும் எங்கள் படகோட்டி தாண்டேல் சொல்கிற நேரத்துக்குத்தான் கிளம்புவார்.

அண்ணாச்சி எங்கள் கோரேகாவ் குடியிருப்பில் மூன்றாவது மாடி. நாகர்கோவில்காரர். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் பதினெட்டு அடி பைபர் படகு ஒன்று வாங்கினார். மதினி அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். தாண்டேல் வெர்சோவாவிலேயே பிறந்து வளர்ந்த கோளி. அண்ணாச்சியை 'சேட்' என்பார், என்னை 'மதராசி'. மூன்று பேருக்கும் பொதுவாக ஓர் இந்தி, அதில் யாருக்கும் இலக்கணம் கிடையாது.

நான் தூத்துக்குடி. எங்கள் பக்கம் கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டர்கூட வராது. காற்றைப் பார்த்துத்தான் பேச்சு எல்லாம்: வாடை, கொண்டல், கச்சான். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். இரண்டரை ஆள் உயரத் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் போகிறது. அந்த நாட்களில் வெர்சோவா கழிமுகத்தில் மத்தியானம் மிதந்த படகு சாயங்காலம் சேற்றில் சாய்ந்து கிடக்கும். நீரோட்டமும் அப்படித்தான் இழுக்கும். தூண்டில் ஈயம் அடியில் நிற்காது, தண்ணீர் சேறாகக் கலங்கிவிடும். தூண்டிலுக்கு அஷ்டமி முதல் ஏகாதசி வரைதான் நல்லது என்பது என் கட்சி. கோளிகளின் டோல் வலைக்கு நேர்மாறு. அது நட்ட இடத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் பை வலை. நீரோட்டம்தான் மீனைக் கொண்டுவந்து உள்ளே தள்ள வேண்டும். ஓட்டம் வலுத்தால் அவர்களுக்குப் பொம்பில் (பாம்பே டக் மீன்), நமக்குப் பட்டினி.

நவம்பர் தசமி அன்று ஏழு மணிக்கே தண்ணீர் தளும்பி நின்றது. இந்தப் பக்கம் வெர்சோவா, எதிர்க்கரையில் மட் என்ற ஊர். மூங்கில் பந்தல்களில் பொம்பில் காய்கிற நாற்றம் கழிமுகம் தாண்டுகிற வரை கூடவே வந்தது. எனக்கு அது பிடிக்கும், அண்ணாச்சி மூக்கைப் பொத்துவார். வற்று தொடங்கியதும் அதுவே படகை வெளியே இழுத்தது. கரையிலிருந்து வரும் காலைக் காற்றும் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் எஞ்சின் பாதி வேகத்தில் போனால் போதுமாக இருந்தது. டோல் வலைகளின் மிதவைகளைத் தாண்டுகிற வரை தாண்டேல் படகின் முன்முனையில், முன்னணியத்தில் நின்று கையைக் காட்டிக்கொண்டே வந்தார். மிதவைக் கயிறு எஞ்சின் காற்றாடியில் சிக்கினால் அவர்கள் வலையும் போச்சு, நம் நாளும் போச்சு.

எட்டுப் பாகத் தண்ணீரில் (ஒரு பாகம் ஆறடி) நங்கூரம் போட்டோம். அடியில் பாறை இருக்கிறது என்று தாண்டேல் சொன்னார்; அண்ணாச்சியின் கருவியும் ஆமாம் என்றது. அவருக்குக் கம்பும் ரீலும். எனக்குத் தங்கூஸ் (நைலான்) நரம்பும் விரலும் போதும். இரை இறால், தோலோடு.

வற்று ஓடிக்கொண்டிருந்தவரை கெளிறுதான். ஒன்றை எடுத்தால் இன்னொன்று. அதன் முள் குத்தினால் விஷம் ஏறிக் கை மணிக்கணக்கில் கடுக்கும், அதனால் தாண்டேல் குறடால் பிடித்து முள்ளை ஒடித்த பிறகே கூடையில் போடுவார். நடுவில் இரண்டு கத்தாளை. அப்புறம் என் தூண்டிலில் கனமாக ஏதோ மாட்டியது. ஆசையோடு இழுத்தால், மண் நிரம்பிய சிமெண்டுச் சாக்கு. இந்த நகரம் கழிமுகம் வழியாக அனுப்புகிற சரக்கு அது. டோல் வலைக்காரர்கள் மீனைவிட இதைப் பொறுக்கத்தான் அதிக நேரம் உட்கார்கிறார்கள்.

ஒன்றே முக்கால் வாக்கில் ஓட்டம் நின்றது. கயிறு நேராகத் தொங்கியது. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் வந்ததே. தாண்டேல் பீடியை அணைத்துவிட்டார். அண்ணாச்சியின் கம்பு வளைந்தது, ரீல் கத்தியது. "தம்பி, வலை எடு, வலை எடு!" என்று அவர் போட்ட சத்தம் மட் கோட்டை வரை கேட்டிருக்கும். காலா. இவர்கள் ராவஸ் என்பார்கள். கீழ்வாய் பின்னுக்குத் தள்ளி, மூக்கு துருத்திக்கொண்டு, கன்னத்துக்குக் கீழே நாலு இழை மீசை. இரண்டரைக் கிலோ இருக்கும். தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கியதும் மறுபடி கெளிறு.

மூன்று மணிக்கு வடமேற்குக் காற்று எழுந்து அலை வெள்ளையாக உடைய ஆரம்பித்தது. இங்கே பிற்பகலில் வழக்கம்தான். பக்கவாட்டில் அடி வாங்கிக்கொண்டு, மூன்று பேரும் நனைந்து, ஏற்றத்தோடு கழிமுகத்துக்குள் நுழைந்தோம்.

கெளிறு முழுவதும் தாண்டேலுக்கு. அவர் வீட்டில் அதற்குத்தான் மவுசாம், ராவஸை ஓட்டல்காரர்கள்தான் தின்பார்கள் என்றார். காலாவின் தலை எனக்கு, புளிக்குழம்புக்கு. நடுத்துண்டங்களை மதினிக்கென்று அண்ணாச்சி தனியாகப் பொட்டலம் கட்டினார். பெட்ரோல் செலவில் என் பங்கைக் கேட்டேன். "அடுத்த நவமிக்குச் சேர்த்துக் கொடு" என்றார்.