மின்வெட்டு நாட்களில் யொக்டோ

சின்னக் கருவிகளுக்கு வேண்டிய லினக்ஸைக் கட்டித்தரும் மென்பொருள் யொக்டோ. அதன் பெயரை யாரிடம் சொன்னாலும் முதலில் வருவது முறைப்பாடுதான். பாரம், நேரத்தைத் தின்னும், பிழைச் செய்தி ஒன்றும் விளங்காது. மூன்றும் உண்மை, அதை மறுத்து வாதாட நான் வரவில்லை. உள்ளங்கை அளவு போர்டில் ஓடப்போகிற லினக்ஸுக்காக அது முதலில் தனக்கு வேண்டிய கம்பைலரையே சோர்ஸிலிருந்து கட்டத் தொடங்கும், பிறகு கெர்னல், சி லைப்ரரி, பைத்தன் என்று ஆயிரக்கணக்கான டாஸ்க்குகள், அதாவது சின்னச் சின்ன வேலைப்படிகள், வரிசையில் வரும். நூறு ஜிபி வெற்றிடம் இல்லாத கணினியில் தொடங்காமலே இருப்பது நல்லது.

நான் திருகோணமலையில், உப்புவெளியில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மீன் குளிரறைகளின் வெப்பநிலையைப் பதிந்து அனுப்புகிற ஒரு சின்னப் பெட்டிதான் எங்கள் பொருள். மீன்பிடித் துறைமுகம் இருக்கிற கொட்பே பக்கம் இருப்பவர்களுக்கு அதன் தேவையைச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை பேர் திட்டினாலும் இந்த ஊரிலிருந்து இந்த வேலையைச் செய்ய முடிந்ததற்கு எதையும் பதிந்து வைக்கிற யொக்டோவின் கணக்குப்பிள்ளைப் புத்திதான் காரணம் என்பது என் எண்ணம்.

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களுக்கும் டீசல் கிடைக்கவில்லை. யூபிஎஸ் இருந்தது, ஆனால் எல்லாக் கோர்களும் முழு வேகத்தில் ஓடும் கணினிக்கு அது ஒழுங்காக நிறுத்தும் வரைதான் காணும், சில நாள் அதற்கும் காணாது. அங்கேதான் அந்தப் புத்தி கைகொடுத்தது. யொக்டோவில் கட்டும் வேலையை ஓட்டுகிற பிட்பேக் ஒவ்வொரு டாஸ்க் முடியும்போதும் அதற்கென்று ஒரு அடையாளக் கோப்பை எழுதி வைக்கிறது. எந்த ரெசிபிக்கு (ஒரு மென்பொருளை எங்கே எடுத்து எப்படிக் கட்டுவது என்ற குறிப்புக் கோப்பு) ஃபெட்ச் முடிந்தது, எதற்குப் பேட்ச் முடிந்தது, எது கம்பைலில் நிற்கிறது என்று எல்லாம் அதற்குத் தெரியும். கரண்ட் வந்ததும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால், முடிந்ததைத் தொடாமல் மிச்சத்திலிருந்து போகும். திடீரென்று அணைந்ததில் எங்காவது ஒரு ஆப்ஜெக்ட் கோப்பு வெறுமையாகக் கிடந்து லிங்க் பண்ணும்போது அழும், அப்போது அந்த ஒரு ரெசிபிக்காகக் கட்டியதை மட்டும் கிளீன்எஸ்ஸ்டேட் கட்டளையால் அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டினால் சரி.

இன்டர்நெட் கதை வேறு. இரவு டேட்டாவில் விடிய விடிய இறக்குவோம். இறக்கியதெல்லாம் ஒரு ஃபோல்டரில் சேரும், ஒவ்வொன்றும் ரெசிபியில் எழுதியிருக்கிற செக்சம்மோடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) ஒத்துப்போனால்தான் உள்ளே எடுக்கும். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியம் என்றால் எந்தக் கமிட், அதாவது எந்தப் பதிவு, என்பது எழுத்தெழுத்தாக நிற்கும். கூட வேலை செய்யும் ஒருவர் கொழும்பில் இருக்கிறார். நல்ல இணைப்பு இருந்த அவர் தன்னுடைய டவுன்லோட் ஃபோல்டரையும் எஸ்ஸ்டேட் கேச்சையும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு இரவு பஸ்ஸில் கொடுத்துவிட்டார். காலையில் பஸ் ஸ்டாண்டில் வாங்கிவந்து, நெட்வொர்க்கே வேண்டாம் என்று பிட்பேக்கிடம் சொல்லிவிட்டு ஓட்டினேன். ஓடியது. எஸ்ஸ்டேட் என்பது ஒவ்வொரு டாஸ்க்கின் உள்ளீடுகளையும் ஹாஷ் என்ற சுருக்க அடையாளமாக்கி, அதே ஹாஷில் முன்பு யாராவது கட்டியிருந்தால் அதையே எடுத்துப் போடுவது. அவருடைய கணினி கட்டியதை என்னுடையது திரும்பக் கட்டவில்லை.

அதே மாதம் 15ஆம் திகதி பலரின் கிட் களஞ்சியங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் பழைய கிட் புரோட்டோகோலை நிறுத்தியது, குறியாக்கம் இல்லாதது என்ற காரணத்தால். நியாயமான முடிவு. ஆனால் பழைய ரெசிபிகள் பலவற்றில் முகவரி அந்த வடிவில்தான் இருந்தது. யொக்டோவின் சொந்த லேயர்களை (ரெசிபிகளின் தொகுப்புகள்) திருத்திவிட்டார்கள், சில்லுக் கம்பனிகளின் பழைய லேயர்களைத் திருத்த ஆளில்லை. என் கணினியில் ஒன்றுமே நடக்கவில்லை, ஏனென்றால் தேவையான கமிட் உள்ளே இருந்தால் பிட்பேக் வெளியே போவதே இல்லை. புதிதாகச் சேர்ந்த தம்பியின் வெற்றுக் கணினியில்தான் ஃபெட்ச் எல்லாம் சிவப்பாக விழுந்தது. "அண்ணா, உங்களுக்கு ஓடுது, எனக்கு ஏன் ஓடேல்ல?" என்று கேட்டார். ஃபோல்டரைக் கொப்பி பண்ணிக் கொடுத்துவிட்டு, முகவரிகளை எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றுகிற வேலையையும் அவருக்கே கொடுத்தேன். அதைச் செய்து முடிக்கையில் அவருக்கு லேயர் அமைப்பு முழுக்கப் பிடிபட்டுவிட்டது.

அவரைப் பிறகு மாட்டியது ஒரு ஸ்பேஸ். இமேஜில், அதாவது போர்டில் ஏற்றுகிற முழு லினக்ஸில், ஒரு பேக்கேஜைச் சேர்க்க அப்பெண்ட் (இருக்கிற பட்டியலின் கடைசியில் ஒட்டுவது) போட்டால், மேற்கோள் குறிக்குப் பிறகு முதலில் ஒரு ஸ்பேஸ் விட வேண்டும். விடாவிட்டால் முன்னால் இருக்கிற பேக்கேஜின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, உலகத்தில் இல்லாத ஒரு பேக்கேஜைத் தேடி, இதைத் தருவார் யாருமில்லை என்று நிற்கும். இதை மாத்திரம் நான் மன்னிக்கத் தயாரில்லை, இத்தனை வருடமாகியும் ஒரு எச்சரிக்கையாவது போடலாம்.

சில்லுத் தட்டுப்பாட்டில் ராஸ்பெரி பை கிடைக்காமல் போய், ஐ.எம்.எக்ஸ் 6 போர்டுக்கு மாறியபோதும் எங்கள் சொந்த லேயரில் கை வைக்கவே இல்லை. மெஷின் பெயரை மாற்றி, அந்தச் சில்லுக்குரிய லேயரைச் சேர்த்தோம். போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்கிற டிவைஸ் ட்ரீயும், அதைத் தொடக்கி வைக்கிற பூட்லோடரும் உயிரை எடுத்தன, அது எந்தக் கருவி என்றாலும் எடுக்கத்தான் செய்யும்.

ஒரே ஒரு போர்டு, சின்ன இமேஜ், ஒரு ஆள் என்றால் இதே வேலைக்கான எளிய கருவி பில்ட்ரூட்டே போதும், அதைத்தான் நானும் சொல்வேன். மேக்ஃபைல் தெரிந்தவர் ஒரு பின்னேரத்தில் பிடித்துக்கொள்ளலாம். இரண்டாவது போர்டு வந்த பிறகு, அல்லது இரண்டு வருடம் கழித்து அதே இமேஜைத் திரும்பக் கட்டித்தா என்று வாடிக்கையாளர் கேட்ட பிறகு, யொக்டோவைப் பாருங்கள்.

இந்தப் பக்கம் யாராவது தொடங்குவதாக இருந்தால் டேட்டாவை வீணாக்க வேண்டாம், வெற்று ஹார்ட் டிஸ்க்கோடு வாருங்கள். யொக்டோவின் வெளியீடுகளில் டன்ஃபெல், கேர்க்ஸ்டோன் இரண்டுக்கும் வேண்டிய கோப்புகள் என்னிடம் முழுதாக இருக்கின்றன, ஸ்கார்த்கேப் பாதிதான் இறங்கியிருக்கிறது.