நுனி வெட்டிய பரசூட்

எங்கள் பாடசாலை மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள், நான் விளையாட்டுப் போட்டியைப் பற்றியோ பரிசளிப்பு விழாவைப் பற்றியோ எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு பொலித்தீன் துண்டும் நாலு நூலும்தான்.

மூன்றாம் வகுப்பு. ரீச்சர் ஒருநாள் ஒரே அளவான இரண்டு கடதாசிகளோடு வந்தார். ஒன்றைக் கசக்கி உருண்டையாக்கினார், மற்றதை அப்படியே விட்டார். எது முதலில் விழும்? உருண்டை என்றோம். ஏன்? "அதுதான் பாரம் கூட" என்று ஒருவன் கத்த, எல்லோரும் ஆமாம் போட்டோம். ரீச்சர் உருண்டையை விரித்து அவன் கையில் கொடுத்து, "இப்ப பாரம் குறைஞ்சிட்டுதா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்குமே உடனே பதில் சொல்ல மாட்டார். அந்த வயதில் அது எங்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் ஆளுக்கொரு பெரிய காட்போட் அட்டையை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மைதானத்தில் ஓடச் சொன்னார். பிறகு அதே அட்டையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து ஓடச் சொன்னார். காற்று என்று ஒன்று இருப்பதைப் புத்தகத்தில் படித்திருந்தோம். அது நெஞ்சில் கை வைத்துத் தள்ளும் என்று தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம்தான் பரசூட். புத்தகத்தில் வான்குடை என்று இருந்தது, எங்கள் வாயில் பரசூட்தான். முப்பது சென்ரிமீற்றர் சதுரப் பொலித்தீன், மூலைக்கு ஒரு நூல், நாலு நூலையும் சேர்த்து முடிந்த இடத்தில் ஒரு களிமண் உருண்டை. பாதி நேரம் நூல் சிக்கெடுப்பதில் போனது. ஒரு நூல் கொஞ்சம் கட்டையாகிவிட்டாலும் குடை ஒரு பக்கம் சரிந்து ஓடும். மேல்மாடி விறாந்தையில் நின்று ரீச்சரே ஒவ்வொன்றாகக் கீழே விடுவார். நாங்கள் கீழே நின்று எண்ணுவோம்.

இந்த எண்ணுகிற விஷயத்தில்தான் சண்டை வந்தது. அவரவர் பரசூட் விழும்போது அவரவர் வாய் வேகமாக ஓடியது! என்னுடையது பதினொன்று வரை வந்ததாக நான் சாதித்தேன். ரீச்சர் யாரையும் கண்டிக்கவில்லை. நூலில் ஒரு கல்லைக் கட்டி, கால் மீற்றர் நீளத்தில் தொங்கவிட்டு ஆட்டிவிட்டார். அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக ஏறக்குறைய அரை விநாடி. கல்லின் ஆட்டத்தைத்தான் எண்ண வேண்டும், அதுவும் அடுத்த குழுவின் பரசூட்டுக்கு. என் பதினொன்று ஐந்தாகச் சுருங்கிப்போனது. அளவையில் ஆளின் ஆசை எப்படிப் புகுந்துவிடும் என்பதைப் பல்கலைக்கழகத்தில் பெரிய சொற்களில் படித்தபோது, எனக்கு அந்தக் கல்தான் கண்ணுக்குள் ஆடியது.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றலாம் என்பது அவருடைய ஒரே சட்டம். களிமண்ணைக் கூட்டினால் குடையைத் தொடக்கூடாது. குடையைச் சிறிதாக்கினால் களிமண்ணைத் தொடக்கூடாது. குடையின் பக்கத்தைப் பாதியாக்கியபோது எண்ணிக்கை ஐந்திலிருந்து மூன்றுக்கு வந்தது. பக்கம் பாதியானால் பரப்பு நாலில் ஒன்றாகும், விழும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்ற கணக்கெல்லாம் பின்னாளில் வந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: சின்னக் குடை, அவசரக் குடை.

சரி, தலைப்புக்கு வருகிறேன். வட்டக் குடை செய்யும் நாள். பொலித்தீனை நாலாக மடித்து, மறுபடி முக்கோணமாக மடித்து, வெளிப்பக்கத்தை வளைவாக வெட்ட வேண்டும். நான் வளைவையும் வெட்டி, மடிப்பின் கூர் நுனியையும் வெட்டிவிட்டேன். விரித்தால் நட்ட நடுவில் ஓட்டை. அழுகை வந்தது. வேறு பொலித்தீன் இல்லை, ஓட்டையைக் காட்டாமல் சுருட்டிக் கொடுத்தேன்.

மற்றவர்களுடைய குடைகள் ஊஞ்சல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு இறங்கின. என்னுடையது நேராக இறங்கியது.

ரீச்சர் கீழே வந்து அதை எடுத்து, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இதை யார் கண்டுபிடிச்சது?" கண்டுபிடித்தது! எனக்கு அடி கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். அன்று வகுப்பே ஓட்டை போட்டது. ஒருத்தி ஆசைப்பட்டுக் கையளவு வெட்ட, அது களிமண்ணோடு தொப்பென்று விழுந்தது. ஓட்டை இல்லாவிட்டால் குடைக்குள் அடைபட்ட காற்று ஒருமுறை இந்த ஓரத்தால் வழியும், மறுமுறை அந்த ஓரத்தால் வழியும், அதனால்தான் ஆட்டம். நடுவில் அளவாக ஒரு வழி விட்டால் ஆட்டம் அடங்கும். இதை நாங்களே தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்த பிறகுதான் அவர் கார்னரன் என்ற பிரெஞ்சுக்காரரின் கதையைச் சொன்னார். 1797 ஒக்ரோபர் 22, பாரிஸ். பலூனில் மேலே போய், பட்டுத்துணிப் பரசூட்டில் இறங்கினார் அந்த மனிதர். குடையின் உச்சியில் ஓட்டை இல்லை. கூடையோடு பயங்கரமாக ஆடி ஆடித்தான் தரைக்கு வந்து சேர்ந்தார்.

காற்றே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று பின்வரிசையில் ஒரு கேள்வி. 1971இல் அப்பலோ 15இல் சென்ற டேவிட் ஸ்கொட், நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாக விட்டார், இரண்டும் ஒன்றாகவே விழுந்தன என்றார் ரீச்சர். ஒருவரும் நம்பவில்லை. நம்பாததற்கு அவர் கோபிக்கவும் இல்லை.

இப்போது பிள்ளைகளுக்கு விஞ்ஞான விளையாட்டு என்று பெட்டியாக விற்கிறார்கள். அளவாக வெட்டிய குடை, அளவாக வெட்டிய நூல், என்ன நடக்கும் என்று அட்டையிலேயே அச்சிட்ட விடை. பேத்திக்கு ஒன்று வாங்கினேன். ஒருமுறை விட்டுப் பார்த்தாள், அழகாக இறங்கியது, அத்தோடு சரி.

போன கிழமை வெறும் பொலித்தீனையும் கத்தரிக்கோலையும் அவள் முன்னால் வைத்தேன். மடித்தாள், மறுபடி மடித்தாள். வளைவை வெட்டியவள், கத்தரியை மெல்ல நுனிப் பக்கம் திருப்பினாள். அவளுடைய அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.