ஆறாம் வசனத்தோடு

"ஆறோட நிறுத்திக்கோ தம்பி" என்றுதான் சொன்னேன். அதட்டவில்லை. அவன் எழுதிக்கொண்டு வந்த தாளை வாங்கிப் பார்த்து, பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பேனாவால்கூட இல்லை. அந்தப் பென்சிலை இத்தனை வருஷமாக எனக்கு நானே சாட்சியாக நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

2009 மார்ச். சங்கீதம் 137. மொத்தமே ஒன்பது வசனம். பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து அழுததும், அலரிச்செடிகளில் கின்னரங்களைத் தூக்கிவைத்ததும் எல்லோருக்கும் தெரியும். ஆறு வரைக்கும் எந்தச் சபையிலும் தைரியமாக வாசிக்கலாம். ஏழில் ஏதோமியர்மேல் முறையீடு. எட்டில் பாபிலோன் குமாரத்திக்குச் சாபம். ஒன்பதில், "உன் குழந்தைகளைப் பிடித்து, கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான்." எபிரெயத்தில் இந்தப் 'பாக்கியவான்' அஷ்ரே. சங்கீதப் புத்தகத்தின் முதல் சொல்லும் அதுதான். துன்மார்க்கருடைய ஆலோசனையில் நடவாதவனுக்கும் குழந்தையைக் கல்லில் அடிப்பவனுக்கும் ஒரே வாழ்த்து. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆசிரியனுக்கு அது ஒரு சுகம், ஒப்புக்கொள்கிறேன்.

அவன் எங்கள் இறையியல் கல்லூரியில் பி.டி. இறுதியாண்டு. 1990-ல் ஆறு வயதில் படகில் வந்து, இங்கே முகாமில் வளர்ந்தவன். அக்கா அங்கேயே தங்கிவிட்டாள், வன்னியில். அந்த மார்ச்சில், யுத்தம் நடந்துகொண்டிருந்த புதுமாத்தளன் என்ற பெயர் தினமும் செய்தியில் வந்துகொண்டிருந்தது. சிற்றாலயத்தில் மாணவர் பிரசங்க முறை அவனுக்கு வந்தபோது இந்தச் சங்கீதத்தை எடுத்தான். எடுக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

"ஏன் ஐயா?" என்றான்.

"ஆராதனையில அது பொருந்தாது."

சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்: "போன மாசம் வகுப்பில மகாவம்சம் வாசிச்சனீங்கள். அவையின்ர புத்தகத்தை முழுசா வாசிக்கிறீங்கள். எங்கட புத்தகத்தை மட்டும் ஆறோட நிப்பாட்டச் சொல்லுறீங்கள்."

"வகுப்பு வேற, ஆராதனை வேற, தம்பி."

இவ்வளவுதான் நடந்தது. இதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆனால் என் பதிலை நான் எத்தனையோ விதமாகத் திருத்திப் பார்த்துவிட்டேன், ஒன்றும் சரியாக வரவில்லை.

இலங்கைப் பௌத்தரின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தை நான் வாசித்தது உண்மை. பிப்ரவரியில் 1 சாமுவேல் 15 நடத்திக்கொண்டிருந்தேன். அமலேக்கியரில் புருஷர், ஸ்திரீகள், பிள்ளைகள், குழந்தைகள், மாடு, ஆடு, ஒட்டகம், கழுதை என்று ஒன்றையும் விடாமல் சங்கரிக்கும்படி சவுலுக்குக் கட்டளை வருகிற அதிகாரம். மூலத்தில் அந்தச் சொல் ஹேரம், தெய்வத்துக்கென்று ஒப்புக்கொடுத்து முழுவதும் அழிப்பது. நம் தமிழ் வேதாகமத்தில் இங்கே 'சங்கரித்து' என்று இருக்கும், யோசுவாவில் 'சாபத்தீடு' என்று வரும். இரண்டும் ஒரே வேர் என்பது தமிழில் மட்டும் வாசிப்பவருக்குத் தெரியவே தெரியாது. இது இஸ்ரவேலின் சொந்தச் சரக்கும் அல்ல. 1868-ல் திபானில் கிடைத்து இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்வெட்டில், மோவாபின் ராஜாவாகிய மேசா, நேபோ ஊரில் ஏழாயிரம் பேரைக் கொன்று தன் தெய்வத்துக்கு ஹேரமாக்கியதாகப் பெருமை பேசுகிறான். கொல்லப்பட்டவர்கள் இஸ்ரவேலர். அதே சொல், எதிர்ப்பக்கத்திலிருந்து.

இதற்கு இணையாகத்தான் மகாவம்சத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தை எடுத்தேன். எல்லாளனை வென்ற துட்டகைமுனு, இத்தனை பேரைக் கொன்றேனே என்று வருந்துகிறான். முக்திநிலை அடைந்த பௌத்தத் துறவிகளான எட்டு அரகந்தர்கள் வந்து ஆறுதல் சொல்கிறார்கள்: நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான். ஒருவன் சரணம் புகுந்தவன், இன்னொருவன் பஞ்சசீலமும் எடுத்தவன், மற்றவர்கள் மிருகங்களுக்குச் சமம். இதை வாசித்தபோது வகுப்பில் ஒரு சத்தமில்லை. அவன் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தான். வேதநூல்கள் யுத்தத்துக்கு எப்படித் துணைபோகின்றன என்று நன்றாகவே நடத்தினேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன். இன்றும் அது மோசமான வகுப்பு என்று சொல்ல மாட்டேன்.

பென்சில் கோட்டுக்கு என்னிடம் காரணங்கள் உண்டு. முதலாவது, நான் ஒன்றும் புதிதாக வெட்டவில்லை. 1971-ல் வந்த கத்தோலிக்கரின் தினசரி ஜெபநூலான திருப்புகழ்மாலையிலேயே 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்கள் முழுவதுமாக விடப்பட்டன. 137-லும் கடைசி மூன்று வசனங்கள் கிடையாது. இதை அவனிடமும் சொன்னேன். சீர்திருத்தச் சபை ஆள் ரோமாபுரியைத் துணைக்கு அழைத்தால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவன் லேசாகச் சிரித்தான். மரியாதைக்குச் சிரித்த சிரிப்பு.

இரண்டாவது, காலம். ஜனவரி கடைசியில் முத்துக்குமார் சென்னையில் தீக்குளித்து இறந்திருந்தார். அதையொட்டி அரசு கல்லூரிகளை மூடியது. தேர்தல் வேறு வந்துகொண்டிருந்தது. முகாம் பிள்ளை, வெளியே தங்கிப் படிக்க அனுமதி வாங்கி வந்தவன். அவன் சபையில் நின்று "பதில் செய்கிறவன் பாக்கியவான்" என்று வாசித்து, யாராவது அதை வெளியே கொண்டுபோய் வேறு மாதிரிச் சொன்னால், அலைவது அவனும் அவன் அம்மாவுமாக இருக்கும், நான் அல்ல. அவனுடைய பாதுகாப்புக்காகத்தான். இதை நான் உண்மையாகவே நினைத்தேன்.

மூன்றாவது காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வாரம் ஒரு வெளிநாட்டுச் சபையிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். புதிய விடுதிக் கட்டிடத்துக்கு அவர்கள் உதவி வேண்டியிருந்தது. பிரசங்கத்தை ஒருவர் அவர்கள் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பார். ஒன்பதாம் வசனத்தை அவர் எப்படி மொழிபெயர்ப்பார் என்ற படம் என் மனதில் ஓடியது. முதல் இரண்டு காரணங்களையும் நான் யோசித்துக் கண்டுபிடித்தது கோடு போட்ட பிறகா, முன்பா? முன்பு என்றுதான் நினைக்கிறேன்.

அவன் ஆறோடு நிறுத்தினான். அருமையான பிரசங்கம். அந்நிய தேசத்தில் கர்த்தரின் பாட்டைப் பாடுவதெப்படி என்பதில் நின்று பேசினான், முகாம் என்ற சொல்லே வரவில்லை. விருந்தினர்கள் கைகுலுக்கினார்கள். பிரசங்கப் பயிற்சிக்கு அந்த ஆண்டு அவனுக்குத்தான் முதல் மதிப்பெண். அடுத்த மாதம் என் பாடத்தின் தேர்வுத்தாளிலும் ஹேரம் பற்றிய கேள்விக்கு நான் நடத்தியதை அப்படியே எழுதியிருந்தான். மேசா கல்வெட்டு, எரிகோவில் 1950-களில் காத்லீன் கென்யன் தோண்டிப் பார்த்தபோது யோசுவா காலத்துக்கென்று சொல்லத்தக்க மதில் எதுவும் கிடைக்காதது, கானானியரின் கண்ணால் வாசிக்கச் சொன்ன ராபர்ட் ஆலன் வாரியரின் 1989 கட்டுரை, எல்லாம் இருந்தது. ஒரு வரி கூடுதலாக இல்லை. மகாவம்சத்தைத் தொடவே இல்லை. பேப்பரைத் திருத்தும்போது அது என்னை உறுத்தியது, ஆனாலும் முழு மதிப்பெண்ணும் போட்டுவிட்டு அடுத்த பேப்பருக்குப் போனேன். மே மாதம் விடுமுறையில் இருந்தோம்.

அக்கா என்ன ஆனாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்ற பயம்தான்.

பிற்பாடு நான் ஒரு விளக்கம் வைத்துக்கொண்டேன். சங்கீதம் 137 தோற்றவனின் கதறல், கையில் ஆயுதம் இல்லாதவன் கடவுளிடம் கத்துவது. 1 சாமுவேல் 15 அரசனுக்கு வரும் கட்டளை, அதிகாரத்தின் மொழி. முதலாவதைப் பரிவோடும் இரண்டாவதைச் சந்தேகத்தோடும் வாசிக்க வேண்டும். இதன்படி பார்த்தால் நான் அன்று தவறான இடத்தில் கோடு போட்டுவிட்டேன். சரி, தவறு செய்தேன் என்று ஒப்புக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் அல்லவா? சில வருஷம் அப்படித்தான் இருந்தேன். கருத்தரங்குகளில் இதைக் கட்டுரையாகவும் வாசித்தேன், கைதட்டினார்கள்.

ஆனால் என் துறையே அந்த நிம்மதியைக் கெடுத்தது. உபாகமம் முதல் இராஜாக்கள் வரைக்கும் உள்ள நூல்கள் பாபிலோனிடம் எருசலேம் விழுந்த பிறகு ஒரே கையால் தொகுக்கப்பட்டவை என்று ஜெர்மன் வேத அறிஞர் மார்ட்டின் நோத் வாதிட்டது 1943-ல். (அப்போது அவர் கோனிக்ஸ்பெர்க்கில் பேராசிரியர். வெளியே அவருடைய தேசம் என்ன செய்துகொண்டிருந்தது என்பது நமக்குத் தெரியும். அவரைக் குறைசொல்ல எனக்கு என்ன யோக்கியதை?) ஒரு கையா, பல கைகளா என்று இன்னும் சண்டை போடுகிறோம். ஆனால் அந்த வரலாறு இன்றைய வடிவத்துக்கு வந்ததில் சிறையிருப்பின் காலத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதைப் பலரும் ஏற்கிறார்கள். அப்படியானால் அமலேக்கியரின் குழந்தைகளைக் கொல்லச் சொல்லும் கதையைப் பத்திரமாக எடுத்துவைத்தவர்கள் யார்? தங்கள் குழந்தைகளைப் பாபிலோனிடம் பறிகொடுத்த அதே தலைமுறை, அல்லது அவர்களின் பிள்ளைகள். ஆற்றோரம் அழுதவனோ இடிபாடுகளில் தங்கிவிட்டவனோ, அவனுக்குக் கட்டளையும் கதறலும் நான் பிரித்ததுபோல அவ்வளவு சுத்தமாகப் பிரிந்திருக்காது. உபாகமம் 25-ன்படி அமலேக்கு செய்த குற்றமே இளைத்துப்போய்ப் பின்னால் வந்த பலவீனரை வெட்டியதுதான். அதற்காக அமலேக்கின் பலவீனரை வெட்டு என்கிறது சாமுவேல்.

2023 அக்டோபர் 28 அன்று நெதன்யாகு "அமலேக்கு உனக்குச் செய்ததை நினைவில் வை" என்று பேசினார். உபாகமத்தின் வசனம். ஹமாஸைத்தான் சொன்னோம் என்றது அவர் தரப்பு. டிசம்பர் கடைசியில் தென்னாப்பிரிக்கா இஸ்ரேலுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றத்தில் கொடுத்த மனுவில் அந்தப் பேச்சும் இருந்தது, 1 சாமுவேல் 15-ம் இருந்தது. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய அதிகாரம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டதே என்று இருந்தது. நம் சபைகளிலோ இஸ்ரவேலுக்காக உபவாச ஜெபம். எனக்குக் கோபம் வந்தது. 2024 தொடக்கத்தில் ஒரு சபை மாத இதழில் அமலேக்கு பற்றி விரிவாக எழுதினேன். கொஞ்சம் வசைக்கடிதங்கள் வந்தன. என் வயதில் அது பெரிய நஷ்டமில்லை. அந்தத் தைரியம் 2009-ல் எங்கே போயிருந்தது என்று வீட்டில் கேட்டார்கள். ஓய்வுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு வருகிற தைரியம் என்று சொல்லிச் சிரித்தேன். தூரத்து யுத்தத்துக்கு வருகிற தைரியம் என்றும் சொல்லியிருக்கலாம்.

அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் அவன் போன் செய்தான். இப்போது அங்கேதான் இருக்கிறான், கிளிநொச்சிப் பக்கம் ஒரு சபையில் போதகர். குரல் தடித்திருந்தது. யாரோ அனுப்பினார்களாம்.

"வாசிச்சன் ஐயா. நல்லா இருந்தது. அதிகாரத்தை முழுசா எழுதியிருந்தீங்கள்."

முழுசா. அவன் குத்திச் சொன்னானா, சாதாரணமாகச் சொன்னானா, எனக்குத் தெரியவில்லை. நானாகவே பேச ஆரம்பித்தேன். அன்னைக்கு உன்னை நிறுத்தச் சொன்னது தப்புதான், அந்த மூணு வசனத்தையும் நீ வாசிச்சிருக்கணும், இப்போ நீ அங்கே வாசிக்கிறதுக்கு யாரும் கோடு போட முடியாது, இப்படி என்னென்னவோ. அவன் பொறுமையாகக் கேட்டான். கோடு போட்டது அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்றுகூட நான் விசாரிக்கவில்லை.

"அங்க அந்தச் சங்கீதத்தை எதுவரைக்கும் வாசிப்பே?" என்று கேட்டேன்.

"அதை எடுக்கிறேல்ல ஐயா. ஒருக்கா எடுத்தனான். முதலாம் வசனத்தைத் தாண்ட ஏலாமப் போட்டுது. சனம் அழத் தொடங்கிட்டுது."

பிறகு என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். பரவாயில்லை என்றேன். அவன் அக்காவைப் பற்றி இந்த முறையும் கேட்கவில்லை.