இந்த முறை வளையல் அடகுக்குப் போகவில்லை

மூத்தவனுக்குப் பிறந்த நான்காம் நாளே மஞ்சள் காமாலை. தனியார் மருத்துவமனையில் மஞ்சள் இறங்க மூன்று நாள் நீல விளக்கு வெளிச்சத்தில் வைத்ததற்கு 26,000 ரூபாய் பில். மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். மீட்கப் பதினான்கு மாதம் ஆனது. வட்டி கட்டிய அந்த மாதங்களில் வீட்டில் முதலில் நின்றது முட்டையும் பழமும்தான்.

போன மார்ச்சில் சின்னவளுக்கும் அதே. ஐந்தாம் நாள் காலை கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது. "வெயில்ல காட்டினா சரியாயிரும் மாப்பிள்ளை" என்றார் மாமியார். மனசு கேட்கவில்லை. நேரே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம். ஓ.பி. சீட்டு, குழந்தைகள் டாக்டர், ரத்தப் பரிசோதனை. உடம்பை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற பொருள் ரத்தத்தில் 19 இருந்தது. மதியத்துக்குள் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். எங்கேயும் பணம் கேட்கவில்லை. ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் என்று சுவரில் பலகை இருந்தது: மருந்து, பரிசோதனை, ரத்தம், வண்டி எல்லாம் இலவசம். 2011-இல் தொடங்கியபோது பிறந்து 30 நாள் வரைதான். பிறகு ஒரு வயது வரை நீட்டித்தார்கள்.

கண்ணாடி வழியாகத்தான் எனக்குப் பார்க்கக் கிடைத்தது. கண்ணை மறைத்துத் துணி, இடுப்பில் டயப்பர், நீல வெளிச்சத்தில் விரல்களை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை "பாப்பா அம்மா, பால் குடுக்க வாங்க" என்று நர்ஸ் கூப்பிடுவார்.

ஐந்து நாள். செலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மனைவிக்கும் மாமியாருக்கும் சாப்பாடு, டீ 1,150. பஸ், ஆட்டோ 420. டயப்பர், பிளாஸ்க் 610. ஆகமொத்தம் 2,180. அப்புறம் பனியன் கம்பெனியில் நான்கு நாள் பீஸ் ரேட் கூலி போனது 2,800. அது எந்த பில்லிலும் வராத செலவு. தினக்கூலி வீட்டுக்கு அதுவும் பெரிய அடிதான். ஆனால் மளிகைக்கடையில் ஒரு வாரம் கடன் சொல்லிச் சமாளிக்கலாம். 26,000-ஐ அப்படிச் சமாளிக்க முடியாது.

பிலிருபின் 11-க்கு இறங்கியதும் அனுப்பினார்கள். வீடுவரை அரசின் இலவச 102 வண்டியிலேயே கொண்டுவந்து விட்டார்கள். ஜூனில் மூத்தவனின் வேன் பணத்தை ஒரே தவணையில் கட்டினேன்.

காது கேட்கும் பரிசோதனைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். பஸ் காசும் டிஸ்சார்ஜ் சீட்டும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.